திருகோணமலை நகருக்குள் மாடி வாகனத் தரிப்பிடம் வேண்டுமா?

மத்தியவீதி வியாபாரி
எனக்கு மத்திய வீதியில் புடவைக்கடை. வெள்ளிக்கிழமை பின்னேரம் காரில் வருகிற குடும்பம் இரண்டு தரம் சுற்றுகிறது, நிறுத்த இடமில்லை, அப்படியே போய்விடுகிறது. கடை வாசலில் நின்று இதைப் பார்க்க வயிறு எரிகிறது. பேருந்து நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில் 200 கார் நிற்க நாலு மாடித் தரிப்பிடம் ஒன்று வேண்டும். எல்லோரும் சேர்ந்து சபைக்கு மனுக் கொடுப்போம்.

உவர்மலையான்
அண்ணை, முதலில் காணியைப் பார்ப்போம். ஒரு கார் நிற்க 2.4 மீற்றர் அகலம், 4.8 மீற்றர் நீளம் போதும். ஆனால் போய்வரும் பாதை, மாடிக்குக் கார் ஏறுகிற சாய்வுப் பாதையான ஏற்றம், தூண், படிக்கட்டு எல்லாம் சேர்த்தால் ஒரு காருக்கு 30 சதுர மீற்றர் வரை போய்விடும். 200 காருக்கு 6,000 சதுர மீற்றர். நாலு தட்டாகப் பிரித்தாலும் கட்டடம் நிற்கிற நிலம் மட்டும் 1,500 சதுர மீற்றர், கிட்டத்தட்ட 60 பேர்ச். அதுவும் ஒழுங்கான சதுரமாக வேண்டும். 3 மீற்றர் உயரம் ஏற 24 மீற்றர் நீள ஏற்றம் போட்டாலே எட்டுக்கு ஒன்று சரிவு. நம்முடைய கடைக் காணிகளோ முகப்புக் குறுகி, பின்னால் நீண்டு கிடப்பவை. பத்துப் பேரின் காணியைச் சேர்த்தால்தான் உண்டு.

மத்தியவீதி வியாபாரி
அரச காணி இருக்கிறதே தம்பி. மனம் இருந்தால் இடம் கிடைக்கும்.

டொக்கியாட் வீதிப் பெண்
மக்கெய்சர் மைதானத்தை நினைத்துச் சொல்கிறீர்கள் என்றால், அதற்கு நான் ஒருநாளும் சம்மதிக்க மாட்டேன். பிள்ளைகள் ஓடி விளையாட நகருக்குள் மிஞ்சியிருக்கிற வெளி அது.

இன்னொன்று. பின் விரிகுடா ஒரு பக்கம், டச்சு விரிகுடா ஒரு பக்கம், மறுபுறம் உள் துறைமுகம். நடுவில் ஒடுங்கின நிலத்தில்தான் நம் பட்டணம். கரையிலிருந்து 300 மீற்றருக்குள் கட்டுவதென்றால் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். 1981ஆம் ஆண்டுச் சட்டம் அது.

உவர்மலையான்
உப்புக் காற்றையும் சேருங்கள் அக்கா. தரிப்பிடம் நாலு பக்கமும் திறந்த கட்டடம். உப்பு கொங்கிறீற்றுக்குள் இறங்கிக் கம்பியைத் தின்னும், கம்பி துருப்பிடித்துப் பருத்தால் கொங்கிறீற்று வெடித்துக் கொட்டும். கட்டுகிற செலவை மட்டும் பேசி, பராமரிப்பை மறந்தால் பதினைந்து வருடத்தில் நாமே மேல்தட்டைப் பூட்ட வேண்டி வரும்.

ஆட்டோக்காரன்
நம் ஊரில் கார் எத்தனை, மோட்டார் சைக்கிள் எத்தனை? ஒரு கார் நிற்கிற இடத்தில் நாலு சைக்கிள் நிற்கும். கோணேசர் கோவிலுக்கு வருகிறவர்களும் பெரிய பஸ்ஸில்தான் வருகிறார்கள். பஸ் மாடிக்குள் நுழையாது. அப்போ யாருக்காக இந்த மாடி?

மத்தியவீதி வியாபாரி
நிலாவெளி, உப்புவெளிக் கடற்கரைகளுக்கு வருகிற வெளியூர்க்காரர் காரிலும் வானிலும் வருகிறார்கள். அவர்கள் நகருக்குள் இறங்கினால்தானே நமக்கு வியாபாரம்? இடமில்லாததால் ஊரைக் கடந்து போகிறார்கள். இதையும் கணக்கில் எடுங்கள்.

டொக்கியாட் வீதிப் பெண்
எடுக்கத்தான் வேண்டும், அதனால்தான் முதலில் நிற்கிற வண்டிகளை எண்ணுவோம் என்கிறேன். முறை இலேசு. ஒரு தெருவில் அரை மணிக்கொரு தரம் நடந்து, நிற்கிற வண்டிகளின் கடைசி நாலு இலக்கத்தை எழுதுவது. காலை 7 முதல் இரவு 7 வரை. எது எவ்வளவு நேரம் நிற்கிறது, ஓர் இடம் நாளில் எத்தனை பேருக்குப் பயன்படுகிறது என்று தெரிந்துவிடும். திருவிழா நாளில் எண்ணக்கூடாது. அந்தக் கூட்டத்துக்கு அளவெடுத்துக் கட்டினால் மற்ற நாளெல்லாம் காலியாகக் கிடக்கும்.

என் கண்ணில் பட்டதைச் சொல்லட்டுமா? கடை திறக்கும்போது நிற்கிற வண்டிகளில் பல, பூட்டும்போதும் அங்கேயே நிற்கின்றன. அவை வாங்க வந்தவர்களுடையவை அல்ல.

மத்தியவீதி வியாபாரி
உண்மைதான். என் வானும் அதில் ஒன்று. சாமான் ஏற்றி இறக்க வேண்டும், வேறு எங்கே விடுவது? அதற்கும் சேர்த்துத்தான் மாடி கேட்கிறேன்.

உவர்மலையான்
வீதியோரம் இலவசம், மாடியில் காசு என்றால் யார் மேலே ஏறுவார்கள்? நீங்களே ஏற மாட்டீர்கள் அண்ணை. கலிபோர்னியாவில் பேராசிரியராக இருந்த டொனால்ட் ஷூப் இதைத்தான் வாழ்நாள் முழுக்கச் சொன்னார்: தெருவோர இடத்தில் 85 சதவீதம் நிறைந்து, மீதி எப்போதும் காலியாக இருக்கும்படி கட்டணம் வையுங்கள், அந்தக் காசை அந்தத் தெருவுக்கே செலவழியுங்கள். முதல் அரை மணி இலவசம், அதற்கு மேல் கட்டணம் என்று நாமும் தொடங்கலாம்.

மத்தியவீதி வியாபாரி
புடவை எடுக்க அரை மணி போதாது தம்பி! கலியாண வீட்டுக்காரர் இரண்டு மணி நேரம் இருப்பார்கள். கட்டணத்துக்கு நான் இன்னும் உடன்படவில்லை. எண்ணுவதற்கு வருகிறேன். கடைப் பொடியன்கள் இருவரையும் அனுப்புகிறேன்.

ஆட்டோக்காரன்
மோட்டார் சைக்கிளையும் ஆட்டோவையும் தனி நிரலில் எழுதுவதென்றால் நானும் வருகிறேன். காரை மட்டும் எண்ணினால் வரமாட்டேன்.

டொக்கியாட் வீதிப் பெண்
சரி, மூன்று நிரல். வருகிற செவ்வாயும் சனியும், காலை ஆறே முக்காலுக்குப் பத்திரகாளி அம்மன் கோவிலடி. கொப்பியும் பேனையும் நான் கொண்டு வருகிறேன்.