கூரை ட்ரஸ்ஸில் அரை டன் பாலக் கிரேனைத் தொங்கவிடலாமா, தனித் தூண் நட வேண்டுமா?

பட்டறைவாசி

எங்கள் பொருத்துக்கூடத்துக்கு 500 கிலோ தூக்கும் சிறிய பாலக் கிரேன் ஒன்று தேவைப்படுகிறது. தூக்கும் கருவியான ஹாய்ஸ்டுக்கு மட்டும் மின்சாரம். பாலம் எனும் குறுக்கு உத்தரத்தையும், ஹாய்ஸ்டைச் சுமந்து அதில் ஓடும் ட்ராலியையும் கையால் தள்ள வேண்டியதுதான். பாலம் 5 மீட்டர், இரு பக்க ரன்வே தடங்கள் 12 மீட்டர். கூரை 18 மீட்டர் அகல எஃகு ட்ரஸ்களின் (முக்கோணங்களாகப் பின்னிய சட்டகங்களின்) மேல் நிற்கிறது. ட்ரஸ்ஸுக்கு ட்ரஸ் 6 மீட்டர். விலை சொல்ல வந்த இருவரில் ஒருவர் ட்ரஸ்ஸின் கீழ்நாணிலிருந்தே, அதாவது அதன் அடி உறுப்பிலிருந்தே, தொங்கவிடலாம் என்கிறார். மற்றவர் தனித் தூண் நட்டால்தான் செய்வேன் என்கிறார். தூண் நட்டால் ஃபோர்க்லிஃப்ட் திரும்பும் இடம் போய்விடும். நான் போட்ட கணக்கு இதுதான்: தூக்கும் சுமை 500, ஹாய்ஸ்டும் ட்ராலியும் 50, பாலம் 120, ஆக 670 கிலோ. தொங்கு புள்ளிகள் ஆறு. ஒன்றுக்கு 112 கிலோ, அதாவது இரண்டு ஆள் எடை. இதற்கெல்லாம் கூரை அசையுமா?

கணுவும் நாணும்

ஐயா, ஆறால் வகுத்த இடத்திலேயே கணக்கு தவறிவிட்டது. கிரேன் நகரும் பொருள். அதன் சுமை எல்லாத் தொங்கு புள்ளிகளிலும் ஒரே நேரத்தில் பகிர்ந்து நிற்பதில்லை. பாலம் சரியாக ஒரு தொங்கு புள்ளிக்குக் கீழே வந்து நிற்க, ட்ராலியும் பாலத்தின் அதே முனைக்கு வந்துவிட்டால், சுமை முழுவதையும் அந்த ஒரு புள்ளிதான் தாங்கும். தூக்கும்போது ஏற்படும் உலுக்கலுக்காக 25 சதவீதம் சேர்த்தால் 500 என்பது 625 ஆகிறது. ஹாய்ஸ்டுக்கும் ட்ராலிக்கும் 50, பாலத்தில் பாதி 60, தடத்தின் சொந்த எடை மீட்டருக்கு 10 கிலோ என்றால் 6 மீட்டருக்கு 60. மொத்தம் 795 கிலோ. நீங்கள் சொன்னதைப் போல் ஏழு மடங்கு இது. கிரேனின் தூக்கும் திறனைவிடவும் அதிகம்.

இரண்டாவதாக, அந்தச் சுமை கீழ்நாணில் எங்கே விழுகிறது என்று பார்த்தீர்களா? ட்ரஸ் உறுப்புகள் இழுவிசையையும் அழுத்தவிசையையும் தாங்கவே அமைக்கப்படுகின்றன. சுமை கணுக்களில், அதாவது உறுப்புகள் ஒன்றுகூடும் இணைப்புகளில், விழ வேண்டும். கணுவுக்குக் கணு 1.5 மீட்டர் உள்ள, 65க்கு 65க்கு 6 மில்லிமீட்டர் இரட்டை ஆங்கிளால் (L வடிவ எஃகால்) ஆன கீழ்நாணை எடுத்துக்கொள்வோம். இரு கணுக்களுக்கு நடுவே இந்த 795 கிலோவைத் தொங்கவிட்டு, அந்தத் துண்டை எளிய உத்தரமாகக் கருதினால், வளைவுத் தகைவு (வளைவதால் எஃகின் உள்ளே எழும் அழுத்தம்) மட்டும் சுமார் 235 மெகாபாஸ்கல் வரும். நாண் தொடர்ச்சியாக இருப்பதால் உண்மையில் இதைவிடக் குறையும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 250 மெகாபாஸ்கலில் நிரந்தரமாக உருமாறத் தொடங்கும் எஃகு, கூரையின் இழுவிசையை ஏற்கெனவே சுமந்துகொண்டிருக்கும் நிலையில், இதற்கு எங்கே இடம்? கூரைத் தகடுகளைத் தாங்கும் பர்லினில் தொங்கவிடுவதைப் பற்றி யாரும் இன்னும் பேசவில்லை. பேசாமலே இருப்பது நல்லது.

என் முடிவு: தனித் தூண்.

உயரப் பணியாளன்

முந்தைய பதிவின் கணக்கில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை, முடிவில்தான். கணுவுக்கு நடுவே தொங்கவிடக் கூடாது என்பதிலிருந்து தொங்கவிடவே கூடாது என்று எப்படித் தாவினீர்கள்? தொங்கு புள்ளி கணுவில் விழவில்லை என்றால், இரு கணுக்களுக்கும் இடையே ஒரு சிறிய துணை உத்தரத்தைப் பொருத்தி அதிலிருந்து தொங்கவிடுவதுதான் எங்கள் தொழிலில் நாங்கள் செய்துவரும் முறை. நாணில் துளை போடுவதும் இல்லை, சுமையில் இருக்கும் உறுப்பில் வெல்டிங் செய்வதும் இல்லை, கிளாம்ப் மட்டுமே.

அடுத்து ஒட்டுமொத்த ட்ரஸ்ஸைப் பார்ப்போம். கூரையின் மேல் வந்துபோகும் சுமை சதுர மீட்டருக்கு 0.75 கிலோநியூட்டன் எனக் கொண்டால், 6க்கு 18 மீட்டர் பரப்புக்கு 81 கிலோநியூட்டன், அதாவது 8 டன்னுக்கும் மேல் ஒரு ட்ரஸ் தாங்குகிறது. அதில் பத்தில் ஒரு பங்கு கூட்டுவதற்கா இவ்வளவு அச்சம்?

தூண் என்றால் பாதுகாப்பு என்று எண்ணுவதும் சரியல்ல. தனித் தூணின் அடித்தகடு கான்கிரீட் தளத்தை நம்பி நிற்கிறது. தளம் 150 மில்லிமீட்டர் கனமாவது இருக்கிறதா, கம்பி போட்டிருக்கிறார்களா, தள இணைப்பு எந்த இடத்தில் ஓடுகிறது என்று நாம் எத்தனை இடங்களில் பார்த்திருக்கிறோம்? ஃபோர்க்லிஃப்ட் பின்னால் வந்து இடிக்கும் தூண்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

கணுவும் நாணும்

பத்தில் ஒரு பங்கு என்ற ஒப்பீடு காதுக்கு இனிமையாக இருக்கிறது, ஆனால் பொருந்தாது. கூரைச் சுமை ட்ரஸ் முழுவதும் பரவி நிற்கிறது. கிரேன் சுமை நடுவில் குவிகிறது. ஒரே எடை நடுவில் குவிந்தால் வளைவுத் திருப்பம் (ட்ரஸ்ஸை வளைக்கும் விளைவு) பரவிய சுமையினதைப் போல இருமடங்கு. ஆகவே அந்தப் பத்தில் ஒன்று ஐந்தில் ஒன்றாகிறது. மேலும், அந்த 8 டன் யாருக்கும் கடன் தரக் காத்திருக்கும் இருப்பு அல்ல. அது கூரைக்கு ஒதுக்கப்பட்டது. முன்தயாரிப்புக் கட்டடங்களில் எடையை மிச்சப்படுத்துவதே வணிகம் என்பதால், விளக்குக்கும் குழாய்க்கும் என்று சதுர மீட்டருக்குச் சிறு அளவு ஒதுக்கியிருப்பார்கள். கிரேன் அதில் சேராது.

கிரீஸ் கை

நான் பராமரிப்புப் பக்கத்து ஆள். நீங்கள் இருவரும் உடையுமா உடையாதா என்றே வாதிடுகிறீர்கள். நான் வேலை பார்த்த ஓர் ஆலையில் தொங்கவிட்ட கிரேன் உடையவே இல்லை. ஆனால் ஈராண்டுக்குள் அதை யாரும் தொடாமல் விட்டுவிட்டார்கள்.

நடந்தது இது. ரன்வேயின் ஒரு முனை, சுவரோரத் தூண்களின் மேல் நின்ற சட்டத்தில் தொங்கியது. அந்தச் சட்டம் தாழாது. 6 மீட்டர் தள்ளி இருந்த ட்ரஸ்ஸின் நடுவில் அடுத்த தொங்கு புள்ளி. கிரேன் பொருத்திய நாளில் மட்டம் துல்லியமாக இருந்தது. பிறகு காற்றோட்டக் குழாயை அதே ட்ரஸ்ஸில் யாரோ மாட்டிவிட்டார்கள். அது 40 மில்லிமீட்டர் தாழ்ந்தது. 6000க்கு 40 என்றால் 0.67 சதவீதச் சரிவு. கண்ணுக்கே தெரியாது. ஆனால் கையால் தள்ளும் கிரேனுக்கு உருளும் எதிர்ப்பே ஏறத்தாழ 1 சதவீதம்தான். 670 கிலோவை மட்டத்தில் தள்ள 7 கிலோ விசை போதும். அந்தச் சரிவில் மேல்நோக்கித் தள்ள 11 கிலோ, கீழ்நோக்கி 2 கிலோ. ஒரு பக்கம் தோளைக் கொடுத்துத் தள்ளுவார்கள். மறுபக்கம் ஒரு விரல் பட்டால் ஓடும், நிறுத்தத்தான் ஆள் வேண்டும். இன்னும் 20 மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தால் தானாகவே கிளம்பியிருக்கும்.

உயரப் பணியாளன்

இது நல்ல எடுத்துக்காட்டு, ஆனால் என் வாதத்துக்கு எதிரானது என்று நான் கருதவில்லை. திருகுக் கம்பியில் தொங்கவிட்டிருந்தால் நட்டைத் திருகி 40 மில்லிமீட்டரை அரை நாளில் சரிசெய்திருக்கலாம். கிளாம்ப் போட்டு நேராக ஒட்டிப் பொருத்தியிருப்பார்கள் என்று ஊகிக்கிறேன்.

கிரீஸ் கை

ஊகம் சரி. நேராகத்தான் ஒட்டியிருந்தார்கள்.

கணுவும் நாணும்

திருகுக் கம்பி என்றதும் இன்னொரு தொல்லை வருகிறது. கம்பி ஊசல்போல ஆடும். ஒவ்வோர் ஆட்டத்திலும் மேல் நட்டின் அருகே மரை வளையும், விரிசல் அந்த மரையின் அடியில்தான் தொடங்கும். பக்கவிசைக்கு அமெரிக்க ஏஎஸ்சிஇ 7 விதி மின்விசை ட்ராலி உள்ள கிரேன்களுக்குத் தூக்கும் திறன், ஹாய்ஸ்ட், ட்ராலி ஆகியவற்றின் கூட்டுத்தொகையில் 20 சதவீதம் கேட்கிறது. இந்திய ஐஎஸ் 875 மின் கிரேனுக்கு 10, கைக் கிரேனுக்கு 5 சதவீதம் என்கிறது. எதை எடுத்தாலும் அந்த விசை கம்பி வழியாக எங்கே போய்ச் சேருகிறது? ட்ரஸ்ஸின் கீழ்நாணுக்குப் பக்கவாட்டில் விறைப்பே கிடையாது.

உயரப் பணியாளன்

அதனால்தான் கம்பியின் தலைப்பகுதியில் கோள இருக்கை வைக்கிறோம். கம்பி சாயுமே தவிர வளையாது. நீளவாக்கிலும் குறுக்கிலும் சாய்வுத் தாங்கல்கள் கொடுத்து, அவற்றை ட்ரஸ்களுக்கு இடையேயுள்ள பிரேசிங்கில் (குறுக்குப் பிணைப்பில்) கொண்டுபோய்ச் சேர்க்கிறோம். தாங்கல் இல்லாமல் வெறும் கம்பியில் தொங்கவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதை நான் மறுக்கவில்லை. அவர்களால்தான் எங்களுக்குக் கெட்ட பெயர். தடத்தின் தொய்வை இடைவெளியில் 450இல் ஒரு பங்குக்குள் வைக்கிறோம். ஆனால் ட்ரஸ்ஸின் தொய்வு எங்கள் கையில் இல்லை. அதைக் கட்டடத்தின் பொறியாளர்தான் சொல்ல வேண்டும். அவ்வளவில் உங்களோடு உடன்படுகிறேன்.

பட்டறைவாசி

இதையெல்லாம் படித்துவிட்டு நேற்று ஏணி போட்டு மேலே ஏறினேன். கீழ்நாண் இரட்டை ஆங்கிள்தான், 65க்கு 65. விற்பனையாளர் சுண்ணக்கட்டியால் குறித்துவிட்டுப் போன நான்கு இடங்களில் மூன்று, கணுவிலிருந்து 400 மில்லிமீட்டர் தள்ளி இருக்கின்றன. இடையில் ஒரு தீயணைப்புக் குழாய், யார் எப்போது மாட்டியதோ தெரியவில்லை, வரைபடத்தில் இல்லை. ரன்வேயின் ஒரு முனை எங்களுக்கும் சுவரோரச் சட்டத்தில்தான் முடிகிறது, கிரீஸ் கை சொன்ன அதே அமைப்பு. துணை உத்தரம், கோள இருக்கைக் கம்பி, சாய்வுத் தாங்கல் மூன்றையும் சேர்த்து விலை கேட்டிருக்கிறேன். கட்டடப் பொறியாளரிடம் 795 கிலோ என்ற எண்ணோடு வரைபடத்தை அனுப்பிவிட்டேன்.

கணுவும் நாணும்

795 மட்டும் போதாது, ஐயா. ஒரே ட்ரஸ்ஸில் இரண்டு ரன்வேயும் தொங்குகின்றன. பாலத்தின் மறுபாதியும் இன்னொரு தடத்தின் எடையும் சேர்த்தால் ட்ரஸ்ஸுக்கு ஏறத்தாழ 915 கிலோ. அந்தத் தீயணைப்புக் குழாயையும், தண்ணீர் நிரம்பிய எடையில், எழுதி அனுப்புங்கள். அவர் எவ்வளவு தாழும் என்று மில்லிமீட்டரில் பதில் சொன்னால் தொங்கவிடுங்கள். "தாங்கும்" என்று ஒரு சொல்லில் சொன்னால், தூணுக்கு இடம் பாருங்கள்.