வெல்ஷ் பேசிப் பழக ஆட்கள் எங்கே கிடைப்பார்கள்?

வேல்ஸின் தலைநகர் கார்டிஃபில் இருக்கிறேன். எட்டு மாதமாக டுவோலிங்கோ செயலியில் இந்த ஊர் மொழியான வெல்ஷ் படிக்கிறேன். ஊரின் வெல்ஷ் பெயர் கயர்டீத். ‘கார்டிஃபில்’ என்று சொல்ல வேண்டுமானால் அது ‘அங் ஙயர்டீத்’ ஆகிவிடும். நம் ‘ங’வுக்கு ஒருவழியாக வேலை கிடைத்தது!

சரி, விஷயத்துக்கு வருகிறேன். படிக்க வருகிறது, வாய் திறந்தால் வரவில்லை. ஆன்லைனில் நான் சேர்ந்த இரண்டு குழுக்களிலும் மாதக்கணக்காக யாரும் எட்டிப் பார்க்கவில்லை. தொடக்க நிலை ஆட்கள் வாரம் ஒருமுறையாவது வீடியோவில் பேசிக்கொள்ளும், உயிரோடு இருக்கும் குழு எதுவும் தெரியுமா? தெற்கு வழக்காக இருந்தால் நல்லது. ‘இப்போது’ என்பதற்கு இங்கே ‘நவுர்’, வடக்கே ‘ரூவன்’. வெல்ஷ் எழுத்தில் ஒன்றைத் திருப்பிப் போட்டால் மற்றது! ஏற்கெனவே குழம்பித்தான் இருக்கிறேன்.

மாலை ஏழு மணிக்கு மேல் எந்த நாளும் சரி. கட்டணம் இருந்தாலும் சொல்லுங்கள்.