இரண்டு முறை சீல் மாற்றியும் பின் ஆக்சிலில் ஆயில் நிற்கவில்லை

மன்னார்குடிக்காரன்:
வணக்கம். அப்பா வாங்கிய 35 எச்.பி. டிராக்டர், 1994 மாடல், டிரம் பிரேக். வலது பின்சக்கரத்தில் ஆயில் கசிந்து, டயரின் உட்பக்கம் சேறோடு சேர்ந்து தார் மாதிரி அப்பிக் கிடக்கிறது. தையில், ஆயில் வெளியே வராமல் தடுக்கும் வளையமான சீலை மாற்றினேன். 40 மணி நேரம் கூட ஓடவில்லை, மறுபடி கசிவு. சித்திரையில் திரும்ப மாற்றினோம், அதே கதைதான். இடது, வலது பிரேக் பெடல் இரண்டையும் கொண்டி போட்டு இணைத்து மிதித்தால் வண்டி இடது பக்கம் இழுக்கிறது. நெல் மூட்டையோடு ரோட்டில் போகவே பயமாக இருக்கிறது. ஜூன் 12 மேட்டூர் திறந்தால் குறுவைச் சேற்றுழவு வந்துவிடும். ஆக்சிலை மூடியிருக்கும் இரும்புக் கூடான ஹவுசிங்கையே மாற்றச் சொல்கிறார்கள். தேவையா?

பழைய வண்டி மெக்கானிக்:
தம்பி, ஹவுசிங்கில் இப்போது கை வைக்காதீர்கள். புது சீல் 40 மணி நேரத்தில் போகிறதென்றால் அதைத் தின்கிறது வேறு ஏதோ. சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். லொடலொடவென்று ஆடினால் பேரிங் போய்விட்டது; அதை மாற்றாமல் எத்தனை சீல் போட்டாலும் வீண். ஆடவில்லையா? ஆக்சில் ஷாஃப்ட்டை வெளியே எடுத்து, சீல் உட்காரும் இடத்தில் நகத்தை வைத்து இழுங்கள். நகம் தட்டினால் பள்ளம் விழுந்திருக்கிறது. 30 வருஷம் சேற்றில் ஓடிய வண்டியில் பெரும்பாலும் இதுதான். எமரி பேப்பரில் தேய்த்தால் போகாது, அந்த இடத்துக்கு மெல்லிய உலோக உறையான ஸ்லீவ் ஏற்ற வேண்டும். பேரிங்கைப் பிடித்திருக்கும் காலரைச் சுத்தியலால் அடிக்காமல் லேத் பட்டறையில் பிரஸ் வைத்துக் கழற்றச் சொல்லுங்கள். இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடான ஷிம் எத்தனை இருந்ததோ அத்தனையும் திரும்பப் போக வேண்டும். சீலின் ஸ்பிரிங் பக்கம் ஆயிலைப் பார்த்து இருக்கட்டும்.

டயரில் தண்ணீர் நிரப்பியிருந்தால் சக்கரம் பயங்கர கனம், தனியாளாகக் கழற்றாதீர்கள். ஜாக்கியை மட்டும் நம்பவும் கூடாது. ஹவுசிங்குக்குக் கீழே கட்டை அடுக்கி, முன் ஆக்சில் சாயாமல் இரண்டு பக்கமும் ஆப்பு வையுங்கள்.

கும்பகோணத்து உழவன்:
அண்ணன் சொன்னதோடு, காற்று வெளியேறும் துளையான பிரீதரையும் பாருங்கள். எங்கள் வண்டியில் அது சேறு காய்ந்து அடைத்திருந்தது. சூடான காற்று வெளியேற வழியில்லாமல் ஆயிலை சீல் வழியாகத் தள்ளியது. டிப் ஸ்டிக் கோட்டுக்கு மேல் ஆயில் ஊற்றினாலும் இப்படித்தான்.

மன்னார்குடிக்காரன்:
அண்ணே, நகம் தட்டியது! சுற்றிலும் கோடு கிழித்த மாதிரி பள்ளம். மன்னார்குடி லேத்தில் ஸ்லீவ் ஏற்றினேன். பேரிங் ஆடவில்லை, ஆனாலும் ஷாஃப்ட் வெளியே இருக்கும்போதே புதுசு போட்டுவிட்டேன். பிரீதரும் அடைத்துத்தான் இருந்தது. ஆயில் ஊறிய பிரேக் லைனிங்கைப் பெட்ரோலில் கழுவிப் போடலாமா?

பழைய வண்டி மெக்கானிக்:
வேண்டாம் தம்பி. உள்ளே ஊறிய ஆயில் சூட்டில் திரும்ப வெளியே வரும். இரண்டு பக்கமும் புது லைனிங் அடியுங்கள், ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் பிரேக் சமமாகப் பிடிக்காது. பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், டிரம் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள்.

மன்னார்குடிக்காரன்:
சரி அண்ணே, அப்படியே செய்தேன். சேற்றில் ஓட்டும் இரும்புச் சக்கரமான கேஜ் வீல் போட்டு ஆறு நாள் சேற்றுழவு முடிந்தது. இன்று காலை டிரம்முக்குக் கீழே விரலை விட்டுத் தடவினேன், வெறும் சேறுதான். மிதித்தால் நேராக நிற்கிறது.