சமரியா பள்ளத்தாக்கு: ஊரைக் காலி செய்து பாதை திறந்தது சரியா?

தொலைநடை:
கிரேக்க நாட்டின் கிரீட் தீவுக்குப் போய்வரும் நம் ஆட்கள் எல்லாரும் சமரியா பள்ளத்தாக்கில் நடந்ததைப் பற்றி எழுதுகிறார்கள். ஒமாலோஸ் மேட்டில் 1,200 மீட்டர் உயரத்துக்கு மேல் தொடங்கி, தென்கடல் ஓரத்தில் அகியா ருமேலி வரை 16 கிலோமீட்டர் இறக்கம். படங்கள் போடுகிறார்கள், முட்டி வலியைச் சொல்கிறார்கள். நடுவழியில் இருக்கும் சமரியா ஊருக்கு மட்டும் "இளைப்பாற நல்ல இடம்" என்று ஒரே வரி.

அந்த ஊரில் 1962 வரை குடும்பங்கள் வாழ்ந்தன. தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டதும் அவர்களை வெளியே குடியமர்த்தினார்கள். இன்று ஒரு சீசனுக்கு லட்சம் பேருக்கும் மேல் அதே கல்வீடுகளின் பக்கத்தில் உட்கார்ந்து ரொட்டி தின்றுவிட்டுப் போகிறோம். பிறந்து வளர்ந்தவனுக்கு இடமில்லை, டிக்கெட் எடுத்தவனுக்கு உண்டு. பாதை அழகுதான். அதைத் திறந்த விதம் அநியாயம்.

வரையாடு:
உங்க கோபம் புரியுது தொலைநடை. ஆனா ஆட்டை விட்டுட்டுப் பேசுறீங்களே. கிரி-கிரிங்கற காட்டாடு கிரீட்டோட அடையாளம். ரெண்டாம் உலகப்போர்ல ஜெர்மன் படை தீவைப் பிடிச்சிருந்தப்ப, மலையில பதுங்கியிருந்த போராளிகளுக்குக் கிடைச்ச கறியே அதுதான். 1960 வாக்குல எண்ணிக்கை 200-க்கும் கீழ போயிடுச்சு. அந்த நெருக்கடியிலதான் பூங்கா வந்துச்சு. இன்னிக்கு அந்தச் சரிவுல கிரி-கிரி நிக்குதுன்னா, அன்னிக்கு யாரோ கண்டிப்பா ஒரு முடிவு எடுத்ததாலதான்.

காட்டையும் பாருங்க. ஊர்க்காரங்க பிழைப்பே ஆடு மேய்க்கறதும் மரம் வெட்டறதும். இப்ப பாதையில நம்ம பார்க்கிற பெரிய சைப்ரஸ் மரமெல்லாம் நின்னிருக்கும்னு நினைக்கிறீங்களா?

தொலைநடை:
ஆட்டைக் காப்பாற்ற ஊரைக் காலி செய்தே ஆக வேண்டுமா? ஹனியா நகருக்குக் கொஞ்சம் மேற்கே, கரைக்கு எதிரில் தோதோரு என்று ஒரு குட்டித்தீவு, ஆள் குடியில்லாத இடம். பூங்கா வருவதற்கு முன்பே கிரி-கிரியை அங்கே கொண்டுபோய் விட்டிருந்தார்கள். அப்படியானால் வேறு வழி இருந்தது. வேட்டைக்குத் தடை போடலாம், கோடாலிக்குத் தடை போடலாம். வீட்டுக்கு எதற்குத் தடை?

அது சாதாரண ஊரும் இல்லை. 1770-இல் இந்தத் தென்கரை ஸ்ஃபாக்கியா வட்டாரம் துருக்கியருக்கு எதிராக எழுந்தபோது, பெண்களும் பிள்ளைகளும் அடைக்கலம் புகுந்தது இந்தப் பள்ளத்தாக்கில்தான். படையெடுப்புக்கே அசையாத ஊர், ஓர் அரசு உத்தரவில் காலியானது.

வரையாடு:
குட்டித்தீவுல விட்டா ஆடு உயிரோட இருக்கும், சரி. ஆனா சின்ன மந்தை தனக்குள்ளயே இனப்பெருக்கம் பண்ணிப் பண்ணி வலுவிழந்துடும். மலையில பிரச்சினை வேற. வீட்டாடும் கிரி-கிரியும் கலந்துடும். குட்டி போட்டுட்டே போனா நாலஞ்சு தலைமுறையில காட்டாடுன்னு சொல்ல எதுவும் மிஞ்சாது. துப்பாக்கியைப் பிடுங்கிடலாம், கோடாலியைப் பிடுங்கிடலாம். ஆடு மேய்க்கற ஊர்ல இருந்து ஆட்டைப் பிடுங்கிட்டா அப்புறம் அவங்க எதை வச்சு அங்க வாழ்வாங்க? அதனாலதான் ஊரையே நகர்த்தவேண்டியதாச்சு. கொடுமைதான், இல்லேங்கல. ஆனா காரணமில்லாத கொடுமை இல்ல.

தொலைநடை:
கலப்பு ஆபத்து உண்மை. ஆனால் பள்ளத்தாக்கைச் சூழ்ந்த வெள்ளை மலைகளின் மேல் சரிவுகளில் இன்றும் மேய்ப்பர்கள் இருக்கிறார்கள், வீட்டாடுகளும் இருக்கின்றன. ஆட்டுக்கு வேலி தெரியுமா? ஊரைக் காலி செய்தும் அந்தப் பிரச்சினை தீரவில்லை. தீர்ந்தது ஒன்றுதான்: கேள்வி கேட்க உள்ளே ஆளில்லை.

கடலோரம்:
ரெண்டு பேரும் 1962-லயே நிக்கிறீங்க. இப்ப இருக்கிற கட்டுப்பாட்டைப் பத்தி ஒரு வார்த்தை. தொலைநடை டிக்கெட்டை ஏதோ வசூல் மாதிரி சொல்றார். நுழையும்போது கொடுக்கிற சீட்டைக் கீழ வெளியேறும் வாசல்ல திருப்பிக் கேப்பாங்க. பலர் எரிச்சலாகிறாங்க. உள்ளே போனவங்கள்ல யாராவது சாயங்காலம் வெளிய வரலையான்னு கண்டுபிடிக்க அதான் வழி. வழியில காவலர் நிலையங்கள் இருக்கு. காலைப் பிசகிக்கிட்டவங்களத் தூக்கிட்டு வரக் கோவேறு கழுதை நிறுத்தியிருக்காங்க, ஏன்னா உள்ளே வண்டி போற வழியே கிடையாது.

பூங்கா சுமார் மே-ல இருந்து அக்டோபர் வரைக்கும்தான் திறந்திருக்கும். மழை பெஞ்சா மூடிடுவாங்க, கடும் வெயில் அடிச்சாலும் மூடுவாங்க. கீழ் முனையில "இரும்பு வாசல்"னு சொல்ற இடத்துல ரெண்டு பக்கமும் பாறை கிட்டத்தட்ட 300 மீட்டர் செங்குத்தா நிக்குது, நடுவுல இடைவெளி மூணு நாலு மீட்டர். கோடையில ஓடை கணுக்கால் அளவுதான், மரப்பலகை மேல நடந்து தாண்டிடலாம். மலையில பெய்யற மழை மொத்தமும் அந்த இடுக்கு வழியாத்தான் கடலுக்குப் போகணும். வெள்ளம் வந்தா ஒதுங்க இடம் எங்க இருக்கு? இந்த இடத்தைக் கட்டுப்பாடில்லாம திறந்து விடுன்னு நான் சொல்லமாட்டேன்.

தொலைநடை:
பாதுகாப்பு வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை, கடலோரம். காலையில் பேருந்து பேருந்தாக இறக்கி, எல்லாரையும் ஒரே திசையில் விரட்டி, மாலைப் படகில் ஏற்றி அனுப்பும் ஏற்பாட்டைத்தான் சொல்கிறேன். அகியா ருமேலிக்குக் கார் போகும் சாலை கிடையாது. அதனால் எல்லாருக்கும் படகு நேரம்தான் மனதில். ஊருக்குள் நின்று ஒரு வீட்டைப் பார்க்க எவனுக்கு நேரம்? கதவில்லாத வாசல்நிலை, உள்ளே சரிந்த கல், பக்கத்தில் ஆலிவ் மரம். அந்த மரத்தை வைத்தவன் யாரென்று சொல்ல ஒரு பலகையாவது ஒவ்வொரு வீட்டின் முன்னும் வேண்டும்.

வரையாடு:
பலகை விஷயத்துல நான் உங்க பக்கம். குடும்பப் பேரோட வைக்கணும். மந்தையோட திரும்பக் குடியேற்றணும்னு யாராவது சொன்னா மட்டும் ஒத்துக்கமாட்டேன்.

புதுநடை:
நடுவுல வந்ததுக்கு மன்னிக்கணும். செப்டம்பர்ல அம்மா அப்பாவோட போறோம். அம்மாவுக்கு அறுபது தாண்டிடுச்சு. சமரியா முடியுமா?

கடலோரம்:
தம்பி, அம்மாவுக்கு முட்டியில வலி இருந்தா வேண்டாம். தொடக்கத்துலயே செங்குத்தான இறக்கம், பாதி வழியில திரும்பி ஏறவும் முடியாது. இம்ப்ரோஸ் பள்ளத்தாக்குக்குப் போங்க. சுமார் 8 கிலோமீட்டர், நிழல் உண்டு, ரெண்டு முனையிலயும் சாலை இருக்கு. 1941 மே மாசம் கிரீட் போர்ல தோத்த நேச நாட்டுப் படை கப்பல் ஏற ஸ்ஃபாக்கியாவுக்குப் பின்வாங்கினது அந்தப் பக்கமாத்தான்.

தொலைநடை:
புதுநடை, அப்பாவுக்கு நடக்கத் தெம்பிருந்தால் நீங்கள் இருவரும் சமரியா போங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் அன்றே படகேறாமல் அகியா ருமேலியில் இரவு தங்குங்கள். மறுநாள் காலை கடலை ஒட்டிய இ4 என்ற ஐரோப்பிய நெடுந்தூர நடைபாதையில் கிழக்கே லூத்ரோ ஊர் வரை நடக்கலாம். பைன் மர நிழல், மணல், வழியில் கரையோரமாகவே அகியோஸ் பாவ்லோஸ் என்ற பழைய கல் தேவாலயம். அதற்கு டிக்கெட் இல்லை. தண்ணீர் மட்டும் நிறைய எடுத்துக்கொள்ளுங்கள், வெயில் ஏறுவதற்குள் கிளம்பிவிடுங்கள். தங்கும் காசு அந்தக் கரையில் இன்னும் குடியிருக்கிற வீடுகளுக்குப் போகும். வரையாடு, மந்தையைப் பற்றி உங்களோடு எனக்கு இன்னும் பேச்சு முடியவில்லை.