கால்சியம் நார்மல்னு ரிப்போர்ட் வருது, ஆனா அம்மாவுக்கு ராத்திரி பூரா கால் குடைச்சல்

ஈரோட்டுப்பொண்ணு:
அம்மாவுக்கு 54 வயசு, ஸ்பின்னிங் மில்லுல வேலை, வெயிலே படாது. சுகருக்கு மெட்ஃபார்மின் பல வருஷமா போடறாங்க. கொஞ்ச மாசமா முழங்காலுக்குக் கீழ முன்னாடி எலும்பை அழுத்தினாலே வலிக்குதுங்கறாங்க, தரையில உக்காந்தா கையை ஊனாம எந்திரிக்க முடியல, பாதம் மதமதன்னு இருக்குதாம். ரத்தத்துல கால்சியம் பாத்தோம், நார்மல். அப்புறம் ஏன் இப்படி?

பார்மசிக்காரன்:
அந்த ரிப்போர்ட்டை நம்பி விட்டுடாதீங்க. ரத்தத்துல கால்சியம் குறைய ஆரம்பிச்சா உடம்பு எலும்புல இருந்து எடுத்துப் போட்டு சரிகட்டிடும், அதனால ரிப்போர்ட் நல்லாத்தான் வரும், எலும்புதான் வலுவில்லாம போயிடும். நீங்க சொல்ற எலும்பு வலி, எந்திரிக்க சிரமம் ரெண்டுமே வைட்டமின் டி ரொம்ப கம்மியானா வர்றதுதான். 25 ஹைட்ராக்ஸி வைட்டமின் டின்னு டெஸ்ட் இருக்கு, 20க்கு கீழ இருந்தா குறைபாடும்பாங்க. டி இல்லாம வெறும் கால்சியம் மாத்திரை போட்டா அது சரியா உடம்புல சேராதுங்க.

மதுரை அக்கா:
பாதம் மதமதப்புக்கு பி12 பாரும்மா. மெட்ஃபார்மின் ரொம்ப நாள் போட்டா பி12 குறையும், சுத்த சைவமா இருந்தா இன்னும் மோசம். சுகரால நரம்பு பாதிச்சாலும் இப்படி வரும், அதனால டாக்டர்கிட்ட மெட்ஃபார்மின் விஷயத்தை மறக்காம சொல்லு, நீங்களா நிறுத்திடாதீங்க. ராத்திரி படுத்தா காலை ஆட்டிக்கிட்டே இருக்கணும் போல இருந்து, எந்திரிச்சு நடந்தா அடங்குதுன்னா இரும்புச்சத்துக்கு ஃபெரிட்டின்ங்கற ரத்த டெஸ்ட்டும் பாக்கணும்.

ஈரோட்டுப்பொண்ணு:
ஆமாக்கா நடந்தா கொஞ்சம் அடங்குதுங்கறாங்க! சாப்பாடு, வெயில்ல சரி பண்ண முடியாதா?

பார்மசிக்காரன்:
கேழ்வரகு, எள்ளு, முள்ளோட நெத்திலி எல்லாம் கால்சியத்துக்கு நல்லது, ஆனா டி சாப்பாட்டுல ரொம்ப கம்மி. காலை 7 மணி இளவெயில் பத்தாது, 10 மணிக்கு மேல கை கால்ல நேரா படணும், ஜன்னல் கண்ணாடி வழியா வந்தா பிரயோஜனம் இல்ல. டி ரொம்ப கம்மின்னா டாக்டர் 60,000 யூனிட் வைட்டமின் டி சாஷே, அதாவது பவுடர் பாக்கெட் எழுதுவார், அது பொதுவா வாரத்துக்கு ஒண்ணுதான், பால்ல கலந்து குடிக்கலாம். தினமும் போடறதுன்னு நினைச்சு குடிச்சுடறாங்க சில பேர், கால்சியம் ஏறி கிட்னிக்கே ஆபத்து.

மதுரை அக்கா:
சாப்பிட்ட உடனே டீ குடிக்கிற பழக்கம் இருந்தா ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கச் சொல்லு, இரும்புச்சத்தை சேரவிடாது. ஒரு கால் மட்டும் வீங்கி சூடா இருந்துச்சுன்னா டெஸ்ட்டுக்கெல்லாம் காத்திருக்காம அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போயிடு.