தீபக் விமானத்தை ஓரங்கட்டியது யார்?

சுழலி: "எச்பிடி-32 தீபக் நம் விமானப்படையின் அருமையான பயிற்சி விமானம், சுவிஸ் பிலாட்டஸை வாங்குவதற்காகவே அதை ஒழித்தார்கள்" என்று நேற்று ஒருவர் இங்கே எழுதியிருக்கிறார். படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. 17 விபத்துகள், 19 விமானிகளின் உயிர். 2009 ஜூலை 31 அன்று மேடக் மாவட்டத்தில் விழுந்ததில் இறந்த இருவருமே பயிற்றுநர்கள், நேற்றுச் சேர்ந்த பிள்ளைகள் இல்லை. அதன் பிறகுதான் பறப்பதையே நிறுத்தினார்கள்.

கருடன்: எழுதியது நான்தான், பெயரைச் சொல்லியே திட்டலாம். ஒரே கேள்வி. பறக்கும்போது நின்றது எஞ்சின். அது யாருடைய எஞ்சின்? அமெரிக்க லைகாமிங். விமானத்தைக் கட்டிய நம் அரசு நிறுவனம் எச்ஏஎல் மேல் எதற்குப் பழி?

சுழலி: அதே ஏஇஐஓ-540 வரிசை எஞ்சினை வைத்துக்கொண்டு எக்ஸ்ட்ரா 300 உலகம் முழுக்கத் தலைகீழாகச் சாகசம் செய்கிறது. தீபக்கில் எஞ்சினுக்கு எரிபொருள் போய்ச் சேரும் வழியின் மேல்தான் சந்தேகமே விழுந்தது. அந்த வழியை வரைந்தது யார்? எஞ்சின் நின்றால் குதித்துத் தப்ப வெளியேற்று இருக்கையும் கிடையாது.

கருடன்: சுற்றி வளைக்காதீர்கள். எஞ்சின் யாருடையது?

தாம்பரத்தான்: நடுவில் ஒன்று. எச்ஏஎல் அதே உடலில், விசையாழியால் முன்விசிறியைச் சுழற்றும் டர்போபிராப் எஞ்சினைப் பொருத்தி 1984-லேயே எச்டிடி-34 என்று பறக்கவிட்டது. விமானப்படை எடுக்கவில்லை. அதைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை.

கருடன்: அப்படிச் சொல்லுங்கள் அண்ணே! நம் சரக்கு என்றாலே அவர்களுக்கு இளக்காரம். எச்ஏஎல்லின் புதிய பயிற்சி விமானம் எச்டிடி-40-ஐயும் வேண்டாம் என்றுதான் அடம்பிடித்தார்கள். எச்ஏஎல் கைக்காசைப் போட்டு 2016 மே 31 அன்று பறக்கவிட்டது, ஆறு சுற்று சுழன்று விழுந்து மீளும் சுழல் சோதனையைத் தாண்டியது, கடைசியில் 2023 மார்ச்சில் அதே விமானப்படைக்காக 70 விமானங்களுக்கு ஒப்பந்தம் போட்டார்கள். இது நம் விமானம்.

சுழலி: அதன் எஞ்சின் ஹனிவெல், அமெரிக்கா. விழுந்தால் அமெரிக்கன், பறந்தால் நம்முடையதா? நல்ல கணக்கு சார்! அந்தச் சுழல் சோதனையும் வால் பகுதியைத் திருத்திய பிறகுதான் தேறியது. இன்னொன்று, பிலாட்டஸுக்காகத்தான் தீபக்கை நிறுத்தினார்கள் என்றால் மாற்று விமானம் தயாராக இருந்திருக்க வேண்டுமே? ஒப்பந்தம் 2012 மேயில், முதல் விமானம் வந்தது 2013-ல். அதுவரை பிள்ளைகள் எடுத்த எடுப்பிலேயே அடுத்த கட்டப் பயிற்சிக்கான கிரண் ஜெட்டில் ஏறினார்கள்.

கருடன்: தேஜஸ் விவாதத்தில் வாங்கிக் கட்டிக்கொண்ட கோபம் இன்னும் உங்களுக்கு ஆறவில்லை.

சுழலி: அங்கே பதில் சொல்லாமல் போனது நீங்கள்.

தாம்பரத்தான்: சண்டையை விடுங்கள். தீபக்கில் பயிற்றுநரும் மாணவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்காருவார்கள். தடியை மாணவன் எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறான், கண் எந்த முள்ளில் இருக்கிறது, எல்லாம் நேரில் தெரியும். பிலாட்டஸில் பின்னால் உட்கார்ந்தால் தலைக்கவசம்தான் தெரியும். முதல் பாடத்துக்குத் தீபக்தான் சரி.

சுழலி: 1951-ல் பறந்த எச்ஏஎல்லின் பயிற்சி விமானம் எச்டி-2-விலும் முன்னும் பின்னுமாகத்தானே இருக்கை? அதில் படித்தவர்கள் மோசமான விமானிகளா?

தாம்பரத்தான்: எச்டி-2 மெதுவான விமானம் தம்பி, அதையும் பிலாட்டஸையும் ஒன்றாக வைக்காதீர்கள்.

கருடன்: இருக்கை கிடக்கட்டும். லைகாமிங்குக்குப் பதில் வரவே இல்லை, எல்லாரும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சுழலி: மேலே மூன்றாவது பதிவு. படிக்கத் தெரிந்தால் படியுங்கள்.