புல்வெட்டி பிடித்த உடனே நின்றுவிடுகிறது, உதவி தேவை

டொராண்டோ பக்கம் இருக்கும் நண்பர்களே, எங்கள் பெட்ரோல் புல்வெட்டியைப் பற்றி ஒரு கேள்வி. ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின். வழக்கம்போல இந்த மே மாதமும் எஸ்ஏஇ 30 ஆயில், ஸ்பார்க் பிளக், ஏர் ஃபில்டர் எல்லாம் மாற்றிப் புது பெட்ரோல் ஊற்றியாயிற்று. பிரைமரை (எஞ்சினுக்குக் கொஞ்சம் பெட்ரோலைத் தள்ளும் ரப்பர் பொத்தான்) அழுத்திக் கயிற்றை இழுத்தால் உடனே பிடிக்கிறது, சில நொடிகளில் அடங்கிவிடுகிறது. மறுபடி அழுத்தினால் மறுபடி சில நொடி, அவ்வளவுதான். அதனால் பிளக்கில் குறை இருக்காது. குளிர்காலத்தில் கார்புரேட்டரில் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் பாகம்) தங்கிய பெட்ரோல் பிசினாகி, அதிலுள்ள ஜெட்டை, அதாவது பெட்ரோல் வரும் நுண்துளையை, அடைத்திருக்க வேண்டும்.

கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தை மட்டும் கழற்றி கிளீனர் ஸ்ப்ரே அடித்தால் போதுமா? ஜெட்டைக் கம்பியால் குத்தினால் துளை பெரிதாகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. இல்லை, கார்புரேட்டரையே மாற்றிவிடலாமா? நல்ல எஞ்சின், தூக்கிப் போட மனமில்லை. கையால் செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள், புல் வேறு கணுக்காலைத் தாண்டிவிட்டது.